வினவல் மொழி ஏபிஐ: அமைக்கும் முறையும் வகுக்க வேண்டிய எல்லைகளும்

வலைச் செயலி ஒன்று தனக்கு வேண்டிய தகவல்களைத் தொலைவிலுள்ள சர்வரிடமிருந்து பெறுவதற்கென வகுக்கப்பட்ட வாசலே ஏபிஐ எனப்படுகிறது. 2000-ஆம் ஆண்டில் ராய் ஃபீல்டிங் என்னும் அமெரிக்க அறிஞர் தமது ஆராய்ச்சி நூலில் விளக்கிய ரெஸ்ட் முறையைத் தழுவிய ஏபிஐகளில், ஒவ்வொரு பொருளுக்கும் தனி முகவரி உண்டு. அம்முகவரியை நாடினால் அதற்கென வகுக்கப்பட்ட விடை பெரும்பாலும் முழுமையாகவே வந்து சேரும். வேண்டாத விவரங்களும் உடன் வரும். வேண்டிய ஒன்று விடுபட்டிருப்பின் வேறொரு முகவரியை மீண்டும் நாட வேண்டும்.

இக்குறையை நீக்கும் பொருட்டு 2012-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தார் தமது கைப்பேசிச் செயலிக்கென உருவாக்கி, 2015-இல் பொது உபயோகத்திற்கு வெளியிட்டதே கிராஃப்கியூஎல் என்னும் வினவல் மொழி. இதில் கேட்பவரே விடையின் வடிவத்தை எழுதி அனுப்புகிறார். ஒரு மாவட்டத்தின் மழைமானிகளைப் பற்றிய தகவல்களை வழங்கும் சர்வர் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அலைத்தொடர்பு குன்றிய சிற்றூரில் நிற்கும் களப்பணியாளருக்குத் தேவையானவை இடமும் அன்றைய அளவும் மட்டுமே. அவரது செயலி பின்வருமாறு கேட்கும்:

{
  மாவட்டம்(குறியீடு: 12) {
    பெயர்
    மழைமானிகள்(முதல்: 20) {
      இடம்
      அளவு
    }
  }
}

கேட்ட இவ்வடிவத்திலேயே விடை வரும், வேறெதுவும் வாராது. (இங்குப் படிப்போரின் வசதிக்காகப் புலப்பெயர்களைத் தமிழில் தந்துள்ளோம். இம்மொழியின் விதிப்படி அவை இலத்தீன் எழுத்துகளிலேயே அமைதல் வேண்டும். விடையில் வரும் மதிப்புகள் எம்மொழியிலும் இருக்கலாம்.)

எவற்றைக் கேட்கலாம், ஒவ்வொன்றும் எவ்வகை மதிப்பு என்பதை அறிவிக்கும் பட்டியல் ஸ்கீமா எனப்படும். ‘வரைவு’, ‘அமைப்பு’ எனப் பெயர்த்துப் பார்த்ததில் இரண்டும் வேறு பொருளையே தருவதால், சொல்லை அப்படியே வைத்துக்கொள்வது உத்தமம். ஸ்கீமாவைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளைப் பார்த்து எழுதுவது பரவலாகக் காணப்படும் தவறு. செயலியின் திரையில் என்ன தேவை என்பதிலிருந்தே அது தொடங்க வேண்டும்.

வினவல் மொழி என்றதும் எஸ்.கியூ.எல். நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் கிராஃப்கியூஎல் தரவுத்தளத்தைத் தானே நாடுவதில்லை. ஒவ்வொரு புலத்திற்கும் விடை தேடித் தரும் ரிசால்வர் என்னும் சிறு நிரலை அமைப்பவரே எழுதுகிறார். இங்கேதான் முதல் இடர் தோன்றுகிறது. மேற்கூறிய மாவட்டத்தில் 40 மழைமானிகள் இருப்பதாகவும் அனைத்தையும் கேட்டதாகவும் கொள்வோம். பட்டியலைப் பெற ஒரு முறையும், ஒவ்வொரு மானியின் அளவைப் பெற ஒவ்வொரு முறையுமாக, தரவுத்தளம் 41 முறை நாடப்படும். 40 எண்களையும் திரட்டி ஒரே வினாவாகக் கேட்கும் டேட்டாலோடர் முறையைக் கையாண்டால் இது 2 முறையாகக் குறையும். இதனைக் கவனியாது அமைத்த சர்வர், சோதனையில் விரைவாக இயங்கி, மழைக்காலத்தில் பலர் ஒருங்கே நாடும்போது தடுமாறும்.

இரண்டாவது இடர் வினாவின் அளவைப் பற்றியது. 40 மானிகளுக்கும் பத்தாண்டு நாளளவுகளை ஒருவர் ஒரே வினாவில் கேட்டால் ஏறத்தாழ 1,46,000 பதிவுகளைத் திரட்ட வேண்டியிருக்கும். மானியிலிருந்து அளவெடுப்பவர், அவரிடமிருந்து அவர் பொறுப்பிலுள்ள மானிகள், மீண்டும் அளவெடுப்பவர் என வினாவைச் சுழற்சியாக ஆழப்படுத்தவும் முடியும். ஆகவே பக்க அளவு, ஆழம், மொத்தச் சுமை ஆகிய மூன்றிற்கும் வரம்பு தேவை. 2016-இல் இம்முறையைப் பொதுமக்களுக்குத் திறந்த கிட்ஹப் நிறுவனம் நல்ல முன்மாதிரி. அங்குப் பட்டியல் எதையும் 1 முதல் 100 வரை எண்ணிக்கை குறித்தே கேட்க வேண்டும். ஒரு வினா 5,00,000 உருப்படிகளைத் தாண்டலாகாது. பொதுவான பயனருக்கு மணிக்கு 5,000 புள்ளிகளே உண்டு. கேட்பவருக்குச் சுதந்திரம் தரும் மொழிதான். அதன் செலவை ஏற்பது சர்வர் என்பதை இவ்வெண்கள் மறக்கவில்லை.

மூன்றாவதே களப்பணியாளர்கள் மிகவும் கவனிக்கத்தக்கது. மழை பெய்யவில்லை என்பதும், மழை அளக்கப்படவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். முன்னதற்குரிய விடை 0. பின்னதற்கு வெற்று மதிப்பு. ‘அளவு’ என்னும் புலத்திற்கு ஸ்கீமாவில் ஆச்சரியக்குறி இட்டால் அது ஒருபோதும் வெறுமையாக இராது என உறுதி கூறியதாகும். காலை 8.30 மணிக்கு அளவெடுப்பவர் வரவில்லையெனில் அவ்வுறுதி பொய்க்கும். அப்போது விதிப்படி அந்த வெறுமை புலத்தோடு நில்லாமல் மேலுள்ள பொருளுக்கு ஏறும். அதற்கும் மேலே ஆச்சரியக்குறிகள் இருப்பின், ஒரு மானியின் குறையால் மாவட்டத்தின் விடை முழுவதுமே மறையக்கூடும். இதற்கு அஞ்சி வெற்றிடங்களில் 0 நிரப்புவோரும் உளர். அது இதனினும் கேடானது. அப்பட்டியலைப் பார்க்கும் அதிகாரி வறட்சி என்றே கொள்வார். எனவே அளவு வெறுமையாக இருக்க இடமளித்து, அருகில் ‘நிலை’ என்ற புலத்தைச் சேர்த்து, ‘அளக்கப்பட்டது’, ‘அளக்கப்படவில்லை’, ‘கருவி பழுது’ எனக் குறிக்கச் செய்தல் நலம். அலகு மில்லிமீட்டர் என்பதையும் புலத்தின் விளக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

விடை பகுதியாகக் கிடைத்தாலும் கிராஃப்கியூஎல் கிடைத்ததைத் தந்து, பிழைகளைத் தனிப் பட்டியலாக உடன் அனுப்பும். பல சர்வர்களில் அப்போதும் தொடர்பின் குறியீடு 200, அதாவது வெற்றி என்றே அமையும். குறியீட்டை மட்டும் நோக்கும் செயலி அக்குறையைக் காணாது.

இம்முறையில் புதிய பதிப்பு வெளியிட வேண்டிய தேவை குறைவு. புதிய புலத்தைச் சேர்த்துவிட்டு, பழையதைக் கைவிடத்தக்கது எனக் காரணத்துடன் ஸ்கீமாவில் குறித்தால் போதும். ஒவ்வொரு வினாவிலும் புலப்பெயர்கள் வெளிப்படையாக இருப்பதால், பழைய புலத்தை எச்செயலி இன்னும் கேட்கிறது எனச் சர்வரின் குறிப்பேட்டில் கணக்கிடலாம். சிற்றூர்க் கைப்பேசிகளில் செயலிகள் புதுப்பிக்கப்படாமல் நெடுநாள் இருப்பதுண்டு. கேட்பவர் எவரும் இல்லை என அக்கணக்கு காட்டிய பின்னரே புலத்தை நீக்க வேண்டும்.