சூடேறும் குழாய்க்கு எந்தப் பூச்சு? – அரிப்பைத் தடுத்தல் பற்றிய ஒரு பிரயோக வினா



இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்கும் முறைகள் எவை என்று கேட்டால் உங்களில் பலர் நித்திரையிலும் விடை சொல்வீர்கள். தீந்தை பூசுதல், எண்ணெய் அல்லது கிறீஸ் பூசுதல், நாகம் பூசுதல், வேறு உலோகத்தால் முலாமிடல். நான்கையும் எழுதினால் புள்ளியும் கிடைக்கும். ஆனால் அதே வினா சற்றுத் திரும்பி, “மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்க்கு இவற்றுள் எது பொருத்தமானது? காரணம் தருக” என்று வந்தால் மனப்பாடம் செய்த பட்டியல் உங்களைக் கைவிட்டுவிடும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றுள் ஒன்று இந்தக் குழாயில் எரிந்துபோகும், இன்னொன்று புகைந்துபோகும், மற்றொன்று உருகக்கூடும்.

வீட்டிலும் இது சின்ன விடயம் அல்ல. அப்பா வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளின் சைலன்சரில் ஓட்டை விழுந்தால் அந்த மாதச் செலவுக் கணக்கே மாறிவிடும். அதைக் காப்பாற்ற நினைத்து, கேற்றுக்குப் பூசிய கறுப்புப் பெயின்ற்றின் மிச்சத்தைக் குழாய்க்கும் பூசுகிறவர்கள் உண்டு. முதல்நாள் பளபளக்கும். இரண்டு நாள் ஓடியதும் மணம் எழும்பும், கொப்பளிக்கும், பிறகு சாம்பலாக உதிரும்.

முதலில் குழாயை அறிந்துகொள்வோம்

புகைக்குழாய் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. எஞ்சின் தலையோடு பொருந்தும் வளைந்த பகுதிதான் மிகவும் சூடானது. எரிந்த வாயுக்கள் அதற்குள் வரும்போது அவற்றின் வெப்பநிலை 600 பாகை செல்சியசையும் தாண்டலாம். குழாயின் வெளிச்சுவர் அதைவிடக் குறைவாகவே சூடேறும் என்றாலும் அதுவும் பல நூறு பாகைதான். பின்னால் உள்ள பருத்த பகுதியான சைலன்சருக்கு வரும்போது வெப்பநிலை நன்றாகக் குறைந்துவிடும். ஆகவே “புகைக்குழாய்க்கு எது நல்லது” என்ற வினாவுக்குள் இரண்டு வினாக்கள் இருக்கின்றன. முன்பகுதியில் வெப்பம் பெரிய எதிரி, பின்பகுதியில் துரு பெரிய எதிரி.

துருவுக்கு வேண்டிய நீர் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து என்று உடனே சொல்வீர்கள். அது பாதி விடை. பெற்றோல் ஐதரோகாபன்களின் கலவை. ஐதரோகாபன் பூரணமாகத் தகனமடையும்போது காபனீரொட்சைட்டும் நீரும் உண்டாகும் என்று படித்திருக்கிறீர்கள். கணக்குப் பார்த்தால் 1 லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 1 லீற்றர் நீர் உண்டாகிறது! அது ஆவியாக வெளியேறுவதால் நாம் காண்பதில்லை. எஞ்சின் சூடாக முன்னரே நிறுத்திவிட்டால், அதாவது சந்திக் கடைக்குப் போய் உடனே திரும்பினால், அந்த ஆவி சைலன்சருக்குள்ளேயே ஒடுங்கித் தேங்கும். சைலன்சர்கள் பெரும்பாலும் உள்ளிருந்து உக்குவதற்கு இதுதான் காரணம். வெளியே எந்தப் பூச்சைப் பூசினாலும் உட்பக்கத்தை அது காப்பாற்றாது. விடையில் இதை ஒரு வசனமாகச் சேர்த்தால் விளங்கி எழுதியிருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணக் கரையோரம் போன்ற இடங்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். உப்பு கரைந்த நீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் துருப்பிடித்தல் விரைவாக நடக்கும்.

நாகம் ஏன் இங்கே சரிவராது?

இதுதான் வினாவிலுள்ள பொறி. தாக்கவீதத் தொடரில் நாகம் இரும்புக்கு மேலே உள்ளது. ஆகவே பூச்சில் கீறல் விழுந்தாலும் நாகம் தான் அரிப்புக்குள்ளாகி இரும்பைக் காக்கும். கூரைத் தகட்டுக்கும் வாளிக்கும் இதைவிட நல்ல விடை இல்லை. ஆனால் நாகத்தின் உருகுநிலை 420 பாகை செல்சியஸ் அளவே. உருகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உருகிய நாகத்தில் தோய்த்துப் பூசிய பொருளை 200 பாகைக்கு மேல் நீண்ட காலம் வைத்திருந்தால் மேலுள்ள நாகப்படை உரியத் தொடங்கிவிடும். எனவே “நாகம் இரும்பைக் காக்கும்” என்பது உண்மையான கூற்று. “புகைக்குழாயின் முன்பகுதிக்கு நாகம் பொருத்தமானது” என்பது பிழையான கூற்று. இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதுபவர்களே அதிகம்.

எண்ணெய், கிறீஸ் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சூட்டில் புகைந்து போய்விடும், தீப்பற்றவும் கூடும்.

சாதாரண தீந்தையும் வெப்பம் தாங்கும் தீந்தையும்

தீந்தையில் நிறம் தரும் தூளும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பசைப்பொருளும் உள்ளன. சூட்டில் தோற்பது பெரும்பாலும் பசைப்பொருளே. சாதாரண எனாமல் தீந்தையின் பசைப்பொருள் காபன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த சேதனப் பொருள். அது 200 பாகையை அடையுமுன்னரே நிறம் மாறிக் கெடத் தொடங்கும், மேலும் சூடேறினால் கருகும்.

வெப்பம் தாங்கும் தீந்தையில் சிலிக்கோன் என்ற பல்பகுதியம் பசைப்பொருளாகிறது. இதன் முதுகெலும்பு சிலிக்கன் அணுவும் ஒட்சிசன் அணுவும் மாறிமாறி அமைந்த சங்கிலி. இந்தப் பிணைப்பு காபன்–காபன் பிணைப்பைவிட வலியது. மிக உயர்ந்த சூட்டில் சங்கிலியின் பக்கத்திலுள்ள சேதனக் கூட்டங்கள் எரிந்து போனாலும் மணலின் அமைப்பை ஒத்த சிலிக்கன்–ஒட்சிசன் வலை எஞ்சி நின்று தூளைப் பிடித்துக்கொள்ளும். அலுமினியத் தூள் கலந்த இத்தகைய தீந்தைகள் 500 – 600 பாகை செல்சியஸ்வரை தாங்கும். ரின்னின் மேல் எழுதப்பட்ட வெப்பநிலையை வாசித்து வாங்குங்கள். ‘வெப்பம் தாங்கும்’ என்ற சொல் மட்டும் இருந்து இலக்கம் இல்லாவிட்டால் நான் அதை நம்பமாட்டேன்.

குரோமிய முலாம்

‘பூச்சு’, ‘முலாம்’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். தூரிகையாலோ ஸ்பிறேயாலோ இடுவது பூச்சு. மின்பகுப்பின் மூலம் உலோகப் படலமாகப் படியச் செய்வது மின்முலாம். கடையில் புதிதாக நிற்கும் பல மோட்டார் சைக்கிள்களின் மினுமினுப்பு முலாமினுடையது. குரோமியத்தின் உருகுநிலை 1900 பாகையளவில் இருப்பதால் உருகும் பயம் இல்லை. ஆனால் அந்தப் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. அதன் கீழே இருக்கும் தடித்த நிக்கல் படையே உண்மையில் இரும்பைக் காக்கிறது. கீறல் விழுந்து ஈரம் இரும்பை அடைந்துவிட்டால் நாகத்தைப்போல நிக்கல் தன்னை அர்ப்பணிக்காது. தாக்கவீதத் தொடரில் அது இரும்புக்குக் கீழே இருப்பதால் அந்த இடத்தில் இரும்புதான் விரைவாக அரிக்கப்படும்.

குரோமியக் குழாயின் வளைவில் மஞ்சள், ஊதா, நீல நிறங்களைப் பார்த்திருப்பீர்கள். அது துரு அல்ல. சூட்டில் உண்டான மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தில் ஒளி பட்டுத் தெறிக்கும்போது தோன்றும் நிறங்கள் அவை. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் தெரிவனவும் இப்படித்தான் உண்டாகின்றன.

கறையில் உருக்கால் செய்த குழாய்க்குப் பூச்சே வேண்டாம். பீங்கான் பூச்சும் மிக நல்லது. இரண்டும் விலை கூடியவை.

பூச்சு ஏன் வெடிக்கிறது?

வெப்பநிலை 1 பாகை உயர்ந்தால் 1 மீற்றர் உருக்கு 0.000012 மீற்றர் நீளும். அரை மீற்றர் குழாய் 400 பாகையால் சூடேறினால்

0.5 × 0.000012 × 400 = 0.0024 மீற்றர்

அதாவது 2.4 மில்லிமீற்றர் நீளும். குளிரும்போது அவ்வளவும் சுருங்கும். பூச்சும் சேர்ந்து நீள வேண்டும், சுருங்க வேண்டும். தடிப்பாகப் பூசியது இதற்கு ஈடுகொடுக்காமல் வெடித்து உரியும். ஆகவே மெல்லிய படைகளாகப் பூசுவதே முறை.

பூசுவதற்கு முன் குழாய் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். துருவையும் பழைய பூச்சையும் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் முற்றாக நீக்கி, தின்னரால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயால் துடைத்து அப்படியே விட்டால் எண்ணெய்ப்பிடி எஞ்சும். துடைத்த பின் வெறுங்கையால் தொட்டாலும் விரல் எண்ணெய் ஒட்டும். காய்ந்தபின் ரின்னில் சொல்லியபடி எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி சற்றுக் கூடுதலாக ஓடவிட்டு, படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். சிலிக்கோன் பூச்சு காற்றில் காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில்தான் இறுகும். இதைத் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். மூடிய அறையில் ஓடும் எஞ்சின் வெளிவிடும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரைப் பறிக்கும் நச்சு வாயு அது. தின்னர் உள்ள இடத்தில் நெருப்பும் கூடாது.

மாதிரி வினாவும் விடையும்

வினா: உருக்கினாலான புகைக்குழாயொன்றின் முன்பகுதிக்கு (அ) நாகப் பூச்சு, (ஆ) சாதாரண எனாமல் தீந்தை, (இ) அலுமினியத் தூள் கலந்த சிலிக்கோன் தீந்தை ஆகியவற்றுள் மிகப் பொருத்தமானது எது? மற்றைய இரண்டையும் தவிர்த்தமைக்கு ஒவ்வொரு காரணம் தருக.

விடை: (இ) மிகப் பொருத்தமானது. சிலிக்கன்–ஒட்சிசன் பிணைப்பு வலியது என்பதால் அதன் பசைப்பொருள் உயர் வெப்பநிலையிலும் பூச்சைப் பிடித்துவைக்கும். நாகத்தின் உருகுநிலை தாழ்ந்தது, அதற்குக் குறைந்த வெப்பநிலையிலேயே படை உரியவும் கூடும். எனாமல் தீந்தையின் சேதனப் பசைப்பொருள் சூட்டில் சிதைந்து கருகும்.

“வெப்பத்தைத் தாங்காது” என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது காரணம் ஆகாது, வினாவையே திருப்பிச் சொன்னதாகும். எது தாங்காது, ஏன் தாங்காது என்பது விடையில் இருக்க வேண்டும்.

பயிற்சி

1. நாள்தோறும் 2 கிலோமீற்றர் மட்டும் ஓடும் மோட்டார் சைக்கிளின் சைலன்சர், நாள்தோறும் 40 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைவிட விரைவில் உக்கக்கூடும். விளக்குக.

2. நாகம் பூசிய தகட்டிலும் நிக்கல் முலாமிட்ட தகட்டிலும் ஒரேயளவு கீறல் இடப்பட்டு இரண்டும் உப்பு நீரில் வைக்கப்பட்டன. எதில் இரும்பு முதலில் துருப்பிடிக்கும்? ஏன்?

3. புகைக்குழாயின் மேல் கால் படாமலிருக்கப் பொருத்தப்படும் தகடு, குழாயோடு ஒட்டாமல் இடைவெளி விட்டே பொருத்தப்படுகிறது. காரணம் யாது? (குறிப்பு: இடைவெளியில் இருப்பது வளி. அது வெப்பத்தைக் கடத்தும் விதத்தை எண்ணிப் பாருங்கள்.)