குழந்தையின் அறைக்குக் காகிதமா, ஓலையா, துணியா?

குழந்தை உறங்கும் அறையை அலங்கரிக்க வேண்டும் என்ற ஆசை எழுந்த மாத்திரத்தில் கடைவீதிக்குப் புறப்பட்டுவிடுகிறவர்கள், அந்த அறையின் தரையிலே சற்று நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்புவார்களேயானால், வாங்க எண்ணியவற்றில் பாதியை வாங்காமலே திரும்பிவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். நாம் படம் மாட்டுகிற உயரம் நம் கண்ணுக்கு வாகான உயரம். மூன்று வயதுக் குழந்தைக்கோ தாழ இருப்பதே எட்டும், எட்டியதைத் தொட்டு இழுத்து வாயிலும் வைத்துப் பார்த்தால்தான் அதற்குத் திருப்தி. ஆகையால், அதிகப் பணச் செலவின்றிக் கையால் செய்யத் தக்க வஸ்துக்களைக் குழந்தையின் கைக்கு எது தாங்கும் என்று பார்த்தே தேர்ந்துகொள்ள வேண்டும்.

காகிதம் மிக மலிவு. ஒரு மாலைப் பொழுதிலே வேலை முடிந்துவிடும். ஆனால் ஜன்னல் வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், மைதாப் பசையை நாடிக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும். பூச்சிக்கு அஞ்சிப் பசையிலே மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷமாதலால் குழந்தையின் அறைக்கு ஆகவே ஆகாது. பிறந்தநாள் போன்ற ஒருநாள் விசேஷத்துக்குக் காகிதத் தோரணம் போதும்.

காகிதக் கூழின் சமாசாரம் வேறு. பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் அப்பி உலர்த்தி எடுக்கிற கூடை, விளையாட்டுச் சாமான்களைப் போட்டு வைக்க வருஷக்கணக்கில் உழைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்கினால் பூஞ்சணம்தான் மிஞ்சும். மேலே பூச, பரணில் கிடக்கும் பழைய வர்ண டப்பாவை இறக்காதீர்கள். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்ற சட்டம் நம் நாட்டில் அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான்.

ஓலையிலே தென்னங்குருத்து இரண்டு நாளில் வாடிச் சுருங்கும். பனங்குருத்து உலர்ந்து வெளுத்தபின் நெடுநாள் நிற்கும், கொதிக்கும் சாயநீரில் முக்கினால் நிறமும் ஏறும். அழகைப் பொறுத்தமட்டில் என் வோட்டு இதற்கே. ஆயினும் முடையத் தெரிந்த கை வேண்டும், ஓலையின் விளிம்பு அறுக்கும், கிலுகிலுப்பையின் பின்னல் விட்டுப்போனால் உள்ளிருக்கும் சிறு கல் நேரே வாய்க்குப் போகும். ஆறேழு வயதுக் குழந்தை கூட உட்கார்ந்து முடைந்து பழகுமானால் ஓலையைத் தாராளமாகக் கொள்ளலாம். தவழ்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் தொங்குவதே அதற்குரிய ஸ்தானம்.

மற்றபடி எல்லா வீட்டுக்கும் நான் சிபாரிசு செய்வது பழைய நூற்சேலையைத்தான். பலமுறை துவைபட்டு மெத்தென்று ஆகிவிட்ட அதில், போக வேண்டிய சாயம் முன்பே போயிருக்கும். இழுத்தால் உடையாது, அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். நைந்த உடலை ஒதுக்கி, கெட்டியான கரையையும் முந்தானையையும் முக்கோணமாக வெட்டித் தைத்தால் கொடித் தோரணம். போதாததற்குத் தையற்கடை வெட்டுத்துண்டுகள். ஆணியடிக்கக் கூடாதென்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கும் வாடகை வீட்டிலும், ஜன்னல் கம்பிக்கும் பரண் கொக்கிக்கும் இடையே இழுத்துக் கட்டிவிடலாம். தொட்டிலுக்கு நேர்மேலே மட்டும் கயிறு எதுவும் தொங்க வேண்டாம். துணி தூசியை வாங்கும்; இழைப்புள்ள குழந்தையானால் குறைவாகக் கட்டி அடிக்கடி அலசுக. துணிக்கிளி தைப்பவர்கள் இலவம்பஞ்சு அடைத்தால் முதல் துவையலிலேயே கட்டிதட்டிப்போகும் என்பதால் கந்தல் துணுக்குகளையே அடைப்பது சிலாக்கியம்.

கண்ணுக்குப் பொத்தான் வைத்து ஐந்து கிளிகளைத் தைத்து மிகுந்த கர்வத்தோடு தாழக் கட்டியவன் நான். மறுநாட் காலையில் இரண்டு பொத்தான்களைக் காணவில்லை. ஒன்று தலையணையின்மேல் கிடந்தது. மற்றது பாய்க்கடியிலிருந்து அகப்படும்வரை வீட்டில் ஒருவரும் காப்பி குடிக்கவில்லை. அதுமுதல் எங்கள் வீட்டுக் கிளிகளுக்குக் கறுப்பு நூலால் தைத்த கண்தான்.