வண்டி நம்பர் மட்டும் போதுமா?

மீன்சுருட்டி பங்கில் டீசல் நிரப்பிய வண்டி, பணம் தராமல் பறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சரக்கேற்றிக்கொண்டு ஏமாற்றும் வண்டியால் மளிகைக்கடைக்காரருக்கும் இதே கதிதான். நம்பரில் டி.என். 61 என்றால் அரியலூர்ப் பதிவு, 46 என்றால் பெரம்பலூர், அவ்வளவே தெரியும். அரசின் எம்பரிவாகன் செயலியிலும் உரிமையாளர் பெயர் பாதி மறைந்தே வரும், முகவரி வராது. ஆனால் வண்டியின் வகை வரும். ஓடியது கார், செயலி காட்டுவது மொபெட் என்றால் நம்பரே போலி!

பிரிட்டனில் தக்க காரணம் காட்டினால் பங்க்காரருக்கு உரிமையாளர் விவரம் கிடைக்கிறது. இங்கோ, 2019-ல் பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கக் கொள்கை வகுத்த மத்திய அரசு 2020-ல் அதைக் கைவிட்டது. சில்லறை வியாபாரிக்கு அன்றும் வழியில்லை. புரோக்கரிடம் விலைக்கு வாங்குவது வம்பு. நம்பர், நேரம், தொகையுடன் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு ரசீது கேட்டுப் பெறுங்கள். முகவரியை அவர்கள் எடுப்பார்கள். கேமராப் பதிவு சில நாட்களில் தானே அழிந்துவிடும். அன்றைக்கே நகலெடுங்கள்.