ஷைலாக்கை ஏன் மறக்க முடிவதில்லை?

முன்னுரை

கதைகளில் நல்லவர் முழுவதும் நல்லவராகவும், தீயவர் முழுவதும் தீயவராகவும் இருந்துவிட்டால் படிப்பவர்க்கு வேலை மிச்சம். ஒருவரைப் புகழ்ந்து, மற்றவரை இகழ்ந்து, புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் எவரைப் பற்றித் தீர்ப்புக் கூற நம் மனம் தயங்குகிறதோ, அவரே நம் நினைவை விட்டு அகலாமல் நிற்கிறார். ஷேக்ஸ்பியர் 1596-97ஆம் ஆண்டுகளை ஒட்டி எழுதிய ‘வெனிஸ் வணிகன்’ இதற்குச் சிறந்த சான்றாகும்.

கதைச் சுருக்கம்

பெல்மாண்ட் நகரத்துச் செல்வ மகள் போர்ஷியாவை மணக்க விரும்புகிறான் பஸானியோ. அவன் கையில் பணமில்லை. அவனுக்காக நண்பன் அந்தோனியோ, ஷைலாக் என்னும் யூத வட்டிக்கடைக்காரனிடம் மூவாயிரம் டக்கட் பொற்காசுகளை மூன்று மாதத் தவணையில் கடன் வாங்குகிறான். தவறினால் அந்தோனியோவின் உடலிலிருந்து ஒரு பவுண்டு தசையை அறுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவனுடைய கப்பல்கள் மூழ்கிவிட்டதாகச் செய்தி வருகிறது, தவணையும் தவறுகிறது. போர்ஷியா ஆண் வேடத்தில் இளம் சட்ட அறிஞராக வந்து, தசையை எடுக்கலாம், ஆனால் ஒரு துளி இரத்தமும் சிந்தக்கூடாது என்று கூறி அவனைக் காப்பாற்றுகிறாள்.

இன்பியல் நாடகத்தின் கவர்ச்சி

காதல் கதை மணத்தில் முடியும் என்பதை நாம் முன்னரே அறிவோம். எனினும் எப்படி முடியும் என்று அறிய ஆவல் கொள்கிறோம். பொன், வெள்ளி, ஈயம் ஆகிய மூன்று பேழைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுப்பவனுக்கே போர்ஷியா உரியவள் என்பது அவள் தந்தையின் உயில். பொற்பேழையைத் திறந்த மொராக்கோ இளவரசன் மண்டையோட்டைக் காண்கிறான். வெள்ளிப் பேழையைத் திறந்த அரகான் இளவரசன் ஒரு முட்டாளின் படத்தைக் காண்கிறான். அவர்களுடைய செருக்கு உடைவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

மோதிர விளையாட்டு அதனினும் சுவையானது. உயிருள்ளவரை கழற்றமாட்டேன் என்று சொல்லி அணிந்த மோதிரத்தை, வழக்கை வென்ற ‘அறிஞருக்கு’ப் பஸானியோ கொடுத்துவிடுகிறான். அவ்வறிஞர் தன் மனைவியே என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நகைச்சுவையின் இரகசியம் இதுவே.

மற்றொரு மோதிரம்

இதே நாடகத்தில் மற்றொரு மோதிரமும் உண்டு. ஷைலாக்கின் மகள் ஜெசிக்கா, பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு காதலன் லொரென்ஸோவுடன் ஓடிப்போகிறாள். அந்நகைகளுள் ஒரு மோதிரத்தைக் கொடுத்து அவள் ஒரு குரங்கை வாங்கியதாக ஷைலாக் கேள்விப்படுகிறான். அது அவனுக்குத் திருமணத்திற்கு முன்னரே லேயா கொடுத்த மோதிரம். எத்தனை குரங்குகள் கிடைத்தாலும் அதை விற்றிருக்க மாட்டேன் என்று அவன் புலம்புகிறான். கதாநாயகன் மனைவியின் மோதிரத்தைக் கொடுத்துவிடுகிறான்; கொடியவன் எனப்படுபவனோ லேயாவின் மோதிரத்திற்காக அழுகிறான்! ஒரே பொருள் ஓரிடத்தில் நம்மைச் சிரிக்க வைத்து, மற்றோரிடத்தில் அச்சிரிப்பை நிறுத்துகிறது.

கொடுமையும் காயமும்

ஷைலாக் குற்றமற்றவன் அல்லன். இருமடங்கு பணம் தருவதாகச் சொல்லியும் ஏற்காமல், நீதிமன்றத்திலேயே கத்தியைத் தீட்டுகிறான். ஆனால் அந்தோனியோ இதற்குமுன் அவனை நாய் என்று ஏசி, அவன்மேல் துப்பியவன். நண்பனுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த அதே அந்தோனியோதான்! எங்களுக்கும் வலிக்காதா என்று ஷைலாக் கேட்கும்போது நம்மிடம் மறுமொழி இல்லை.

1290ஆம் ஆண்டில் யூதர்கள் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். வெனிஸ் நகரிலோ 1516ஆம் ஆண்டு முதல் அவர்கள் தனிப் பகுதியில் அடைத்து வைக்கப்பட்டனர். 1600இல் அச்சான நூலின் முகப்பிலேயே ஷைலாக்கின் கொடுமை விளம்பரம் செய்யப்பட்டது. ஆனால் 1814இல் எட்மண்ட் கீன் என்னும் நடிகர் இலண்டன் மேடையில் அவனைத் துன்பப்பட்ட மனிதனாக நடித்துக் காட்டினார். சொற்கள் மாறவில்லை, பார்வை மாறியது.

இரக்கம் எது?

ஷைலாக்கிடம் போர்ஷியா இரக்கத்தைப் பற்றி அழகாகப் பேசுகிறாள். ஆனால் வழக்கில் தோற்ற ஷைலாக் தன் செல்வத்தில் பாதியை இழப்பதோடு, கிறிஸ்தவனாகவும் மாற வேண்டும் என்று கட்டளையிடப்படுகிறது. இதையே அவர்கள் இரக்கம் என்கிறார்கள். எவரையும் அவர் விருப்பத்திற்கு மாறாக விசுவாசத்தை ஏற்கும்படி வற்புறுத்தலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அவ்வொளியில் பார்த்தால், நாம் விரும்பும் போர்ஷியாவும் தன் சொல்லுக்குக் குறைந்தவளாகவே தெரிகிறாள். ஆயினும் அவள்மேல் உள்ள அன்பு நீங்குவதில்லை.

முடிவுரை

உடல்நலமில்லை என்று கூறி ஷைலாக் நீதிமன்றத்தை விட்டுச் செல்கிறான். நிலவொளியும் இசையும் நிறைந்த ஐந்தாம் அங்கத்தில் அவன் வருவதே இல்லை. எல்லாரும் மகிழ்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம், ஆனால் அவன் எங்கே என்று மனம் தேடுகிறது. சிரிப்பு நம்மைக் கதைக்குள் அழைத்துச் செல்கிறது. தீர்க்க முடியாத மனிதன் நம்மை வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்கிறான்.

தோழியரே! நான்காம் அங்கத்தை இருமுறை படியுங்கள்: ஒருமுறை போர்ஷியாவின் அருகில் நின்று; மறுமுறை ஷைலாக்கின் அருகில் நின்று. எவரையும் கெட்டவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் அவசரம் அதன்பின் நமக்கு வராது.