கணனி எத்தனை அலகு மின்சாரம் பாவிக்கிறது?

வீட்டில் கணனியை வைத்துக்கொண்டு தட்டச்சு, அழைப்பிதழ் வடிவமைப்பு, கணக்கெழுதல் போன்ற சுயதொழில்களைச் செய்வோர் எம்மத்தியில் பலர் உள்ளனர். கடதாசி, மை ஆகியவற்றின் செலவை ஒழுங்காகக் குறித்து வைக்கும் இவர்களிடம், மின்சாரத்திற்கு எவ்வளவு போகிறது என்று நான் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. செலவு தெரியாமல் கூலியை நிர்ணயிப்பது வியாபாரமாகாது. எனவே, அதனை அளக்கும் இலகுவான முறையொன்றை இவ்வாரம் பார்ப்போம்.

முதலில் ஒரு விடயம். கணனியின் மின்வழங்கிப் பெட்டியில் 450 வொட் என எழுதப்பட்டிருப்பது அது வழங்கக்கூடிய உச்ச அளவு மாத்திரமே. சாதாரண எழுத்து வேலையின்போது கணனி அதைவிட மிகக் குறைவாகவே எடுக்கும். ஆகவே அந்த எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கக்கூடாது.

அளக்கும் முறை

செருகியில் பொருத்தும் சிறிய வொட்மானி இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை; வீட்டு மின்மானியே போதும். இலத்திரனியல் மின்மானியில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று மின்னும். ஓர் அலகிற்கு அது எத்தனை தடவை மின்னும் என்பது மின்மானியின் முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். அது 1600 என வைத்துக்கொள்வோம்.

குளிர்சாதனப் பெட்டி உட்பட ஏனைய உபகரணங்கள் அனைத்தையும் சில நிமிடங்களுக்கு நிறுத்திவிட்டு, கணனி, திரை, யூ.பி.எஸ். ஆகியவற்றை மாத்திரம் இயக்குங்கள். ஒரு மின்னலில் கடிகாரத்தைத் தொடங்கி, அதன்பின் வரும் பத்தாவது மின்னலில் நிறுத்துங்கள். 150 செக்கன்கள் சென்றால், அந்நேரத்தில் செலவானது 10ஐ 1600ஆல் வகுத்த அளவு, அதாவது 6.25 வொட் மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்தில் 24 தடவை 150 செக்கன்கள் உள்ளன. 6.25ஐ 24ஆல் பெருக்க 150 வொட் வரும். மின்மானியைத் திறக்கவோ வயர்களைத் தொடவோ வேண்டாம்; பார்த்தால் மட்டும் போதும்.

பணக் கணக்கு

நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வேலை செய்தால் 1.2 அலகு, 30 நாட்களுக்கு 36 அலகுகள். வீட்டின் மொத்தப் பாவனை 150 அலகுகள் என்றால் இது அதில் 24 சதவீதம். ஆனால் பட்டியலில் 24 சதவீதத்தை எடுத்துத் தொழிற்செலவாக எழுதினால் கணக்குப் பிழைக்கும்.

எமது நாட்டில் பாவனை கூடக்கூட அலகின் விலையும் கூடுகிறது. கணனி இல்லாவிட்டால் அவ்வீட்டின் பாவனை 114 அலகுகளே. ஆகவே கணனியின் 36 அலகுகளில் 6 அலகுகள் 91-120 படியிலும், மிகுதி 30 அலகுகள் விலை கூடிய 121-180 படியிலும் விழுகின்றன. இதனால் நிலையான கட்டணமும் உயரும். இந்த மேலதிகம் முழுவதும் தொழிலின் செலவே, வீட்டுச் செலவல்ல. கட்டணங்கள் அடிக்கடி மாற்றப்படுவதால் உங்களது கடைசிப் பட்டியலில் உள்ள விலைகளையே பாவியுங்கள்.

குறைக்கும் வழி

திரையில் படம் ஓடவிடுவதால் மின்சாரம் மிச்சமாகாது. திரையை அணைப்பதே பயன் தரும். தொழுகைக்கோ சாப்பாட்டிற்கோ எழுந்து செல்லும்போது கணனியை உறக்க நிலையில் விடுங்கள். இரவில் சுவர் ஆளியையே நிறுத்துங்கள். புதிதாக வாங்குவோருக்கு மடிக்கணனி இலாபம். எழுத்து வேலைக்கு அது மேசைக் கணனியைவிடப் பல மடங்கு குறைவாகவே மின்சாரம் எடுக்கும்.

இன்றே ஒருமுறை அளந்து, வரும் தொகையைக் கொப்பியில் கடதாசி, மைச் செலவுகளுக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு விலை சொல்லும்போது அதுவும் உங்கள் முன்னால் இருக்கட்டும்.