‘ஓகே சார்’னு சொன்னா போதுமா?



பிளேஸ்மென்ட் சீசன் நெருங்கினாலே நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு வர்ற பயம், கம்யூனிகேஷன். அதிலும் கந்தர்வக்கோட்டை சுற்றுவட்டாரக் கிராமங்கள்ல, அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சு வந்தவங்க, “எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது, அவ்வளவுதான்”னு முதல்லயே ஒதுங்கிடறாங்க. ஆனா வேலை செய்யற இடத்துல தெளிவாப் பேசறதுங்கறது சரளமான இங்கிலீஷ் மட்டும்தானா? நம்ம நாட்டுல நடந்த ஒரு விபத்தை வெச்சு இதைப் பார்ப்போம்.

சர்க்கி தாத்ரி விபத்து

1996 நவம்பர் 12, மாலை நேரம். டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி அரேபிய போயிங் 747 விமானமும், டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் நாட்டு இல்யூஷின் 76 விமானமும் ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே வானத்திலேயே மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்துபோனார்கள்.

இரண்டும் ஒரே வான்பாதையில் எதிரெதிராக வந்தவை. சவூதி விமானத்துக்குக் கொடுத்த உயரம் 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. நடுவில் 1,000 அடி இடைவெளி இருந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து “15,000 அடியிலேயே இருங்கள், எதிரில் ஒரு விமானம் வருகிறது”ன்னு எச்சரிக்கையும் போச்சு. கஜகஸ்தான் விமானத்திலிருந்து வந்த கடைசி பதில், “பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்கிற அளவில்தான் இருந்தது. “15,000 அடியிலேயே இருக்கிறோம்” என்ற வார்த்தை அதில் இல்லை. விமானம் அந்த உயரத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. உயரத்தைக் காப்பாற்றாமல் இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று முடிவானது. அதற்குப் பின்னணியாக, அந்தக் குழுவுக்குப் போதிய ஆங்கில அறிவு இல்லாததும், குழுவுக்குள்ளேயே ஒருங்கிணைப்பு இல்லாததும் சுட்டிக்காட்டப்பட்டன. அந்த விமானத்தில் கட்டுப்பாட்டு அறையோடு பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். ஆனா விமானத்தை ஓட்டியவங்க வேற ஆட்கள். ரேடியோ ஆபரேட்டர் முன்னால உயரம் காட்டும் கருவிகூட தனியா கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

நம்ம புராஜெக்ட் டீமை நினைச்சுப் பாருங்க. கைடுகிட்டப் பேசறது ஒருத்தர், கோடு எழுதறது இன்னொருத்தர். கம்பெனியில கிளையன்ட் காலை எடுக்கறது லீட், வேலை செய்யறது ஜூனியர். கேட்டவர் தலையில இருக்கற விஷயம் செய்யறவர் கைக்குப் போய்ச் சேரலைன்னா, எவ்வளவு நல்லா கேட்டிருந்தும் பயனில்லை.

உலகம் கத்துக்கிட்டது என்ன?

இது போன்ற விபத்துகளுக்குப் பிறகு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003-ல் ஆங்கிலத் தகுதிக்கு விதிகள் கொண்டுவந்தது. மொத்தம் 6 நிலைகள். சர்வதேச விமானம் ஓட்ட 4-வது நிலை போதும். அந்த நிலையில தாய்மொழி வாடை உச்சரிப்பில் இருக்கலாம், எதிராளிக்குப் புரிஞ்சா சரி. இலக்கணத்தில் சின்னச் சின்ன தவறுகளும் வரலாம். ஆனா சந்தேகம் வந்தா கேட்டு, சரிபார்த்து, உறுதி செய்துக்கத் தெரிஞ்சிருக்கணும்.

விமானிக்கே அளவுகோல் இதுதான்னா, நமக்கு அக்ஸென்ட் பற்றி எதுக்குப் பயம்?

நம்ம ரயில்வேயிலும் இதே யோசனை உண்டு. லெவல் கிராஸிங் கேட்டை மூடச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட் கீப்பர் “சரி சார்”னு சொன்னா மட்டும் போதாது. மூடினதுக்கு உறுதியா, தன்கிட்ட இருக்கற தாளிலிருந்து ஒரு ‘பிரைவேட் நம்பர்’ சொல்லணும். அதை ஸ்டேஷன் மாஸ்டர் எழுதி வைப்பார். வெறும் ‘சரி’யை நம்பி ரயில் விடறதில்லை.

நாம செய்யக்கூடியவை நாலு

1. திரும்பச் சொல்லுங்க. கடைத்தெருவில் ஹார்டுவேர் கடைக்குப் போன் போட்டா, “அஞ்சு மூட்டை சிமெண்ட், பத்து முக்கால் இன்ச் பைப், சாயங்காலத்துக்குள்ள, சரிதானே?”ன்னு கடைக்காரர் திரும்பக் கேட்பார். அதேதான். மேனேஜர் வேலை சொன்னதும் ‘ஓகே சார்’ போடாம, புரிஞ்சதை ஒரு வரியில திரும்பச் சொல்லுங்க.

2. எண்ணோட அலகும் வரணும். கந்தர்வக்கோட்டையிலிருந்து வடக்கே தஞ்சாவூர் டெல்டா பக்கம் போனா நிலத்தை மா, குழின்னு சொல்வாங்க. 100 குழி ஒரு மா, ஏறக்குறைய மூணு மா ஒரு ஏக்கர். “அஞ்சுக்குச் சொட்டுநீர் எஸ்டிமேட் போடு”ன்னா அஞ்சு மாவா, அஞ்சு ஏக்கரா? மூணு மடங்கு வித்தியாசம்! 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்த் தொலைஞ்சதும் இப்படித்தான். ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்ததை, இன்னொரு குழு நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிச்சு.

3. ‘கிட்டத்தட்ட’, ‘சீக்கிரம்’ வேண்டாம். “சார், வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது, சீக்கிரம் அனுப்பறேன்” என்பதில் ஒரு தகவலும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்க: “லாகின் பக்கம் முடிந்தது. பாஸ்வேர்ட் மாற்றும் பகுதியில் ஒரு பிழை உள்ளது. டெஸ்ட் சர்வர் அனுமதி இன்று கிடைத்தால், புதன் மாலை 4 மணிக்குள் முடித்து அனுப்புவேன்.” முடிஞ்சது எது, முடியாதது எது, எப்போ, என்ன தேவை எல்லாம் நாலு வரிக்குள்ள வந்துடுச்சு.

4. புரியலைன்னா அங்கேயே கேளுங்க. “சார், ஒரு தடவை சரிபார்த்துக்கிறேன், நீங்க சொன்னது இதுதானே?”ன்னு கேட்டா யாரும் மட்டமா நினைக்க மாட்டாங்க. தப்பா செஞ்சு மூணு நாள் கழிச்சு நிக்கறதுதான் சங்கடம். கோபப்படற மேனேஜரா இருந்தா, பேசி முடிச்சதும் புரிஞ்சதை எழுதி மெசேஜா அனுப்பிடுங்க. தப்பு இருந்தா அவரே திருத்துவார்.

இங்கிலீஷ் கத்துக்க வேண்டாம்னு சொல்ல வரலை. கட்டாயம் கத்துக்கணும், அது நிறைய கதவுகளைத் திறக்கும். அதுக்கு நாள் ஆகும். மேலே சொன்ன நாலையும் இன்னிக்கே, தமிழிலேயே ஆரம்பிக்கலாம்.

அடுத்த ரிவ்யூ முடிஞ்சதும் ஒண்ணு செய்யுங்க. கைடு சொன்ன திருத்தங்களை டீம்ல இருக்கற நாலு பேரும் தனித்தனியா எழுதுங்க. அப்புறம் நாலு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எங்கெல்லாம் வித்தியாசம் இருக்கோ, அங்கெல்லாம் போய்க் கேட்க ஒரு கேள்வி இருக்குன்னு அர்த்தம்.