முட்டி வலிக்கவில்லை, சீட்டுதான் தாழ்வு

மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூரு போய், இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் சீசன் பாஸ் மாதிரி கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. டாக்டர் அதட்டியதும் சைக்கிள் வாங்குகிறார்கள். இரண்டாவது மாதம் அதன் ஹேண்டில் பாரில் துண்டு காய்கிறது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் கோலார் தங்கவயல் முழுக்க ஒரே பதில்தான்: முட்டி வலி.

சைக்கிளைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். வீட்டில் பழைய ஹெர்குலிஸோ பிஎஸ்ஏவோ கிடந்தால் பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதானால் நாலைந்து கியர் இருந்தால் நம் ஊர் மேடுகளுக்கு உதவும். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்து மலிவாக விற்பதை வாங்கவே கூடாது. எடையும் கூடுதல், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்கே போகும்.

இனி சீட்டு. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று கடையிலேயே சீட்டை அடிவரை இறக்கிவிடுகிறார்கள். அப்படி ஓட்டினால் முழங்கால் எப்போதும் பாதி மடங்கியே இருக்கும். ஒவ்வொரு மிதியும் முட்டிச் சில்லில் போய் அழுத்தும். சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஒரு சுவரும் போதும். வழக்கமாகப் போடும் ஷூவோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும். அதே சமயம் இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது குதிகாலால் அல்ல, விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டால் மிதிப்பீர்கள். அப்போது முட்டியில் தானாகவே லேசான மடிப்பு வந்துவிடும். ஒரே நாளில் ஏற்றப் பயமாக இருந்தால் அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றுங்கள். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு போட்டிருந்தால் அது வெளியே தெரியும் அளவுக்கு இழுக்காதீர்கள், கம்பி முறியும். பிறகும் முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டு இன்னும் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் ஏற்றியது அதிகம்.

"கால் எட்டலையே, நிறுத்தும்போது விழுந்துட்டா?" இந்தக் கேள்வி வராத ஆளே இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே நிறுத்தப் பார்ப்பதுதான் கோளாறு. பிரேக்கைப் பிடித்து வேகம் செத்ததும் சீட்டைவிட்டு முன்னால் இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றுங்கள். சைக்கிள் அந்தப் பக்கம் சற்றுச் சாயட்டும். கிளம்பும்போது வலது பெடலை முன்பக்கம் மேலே கொண்டுவந்து, அதன் மேல் ஏறி நின்று, வண்டி நகர்ந்த பிறகு உட்காருங்கள். இதை ஒரு காலி மைதானத்தில் சாயங்காலம் பழகிவிட்டு ரோட்டுக்குப் போங்கள். இந்த வயதில் பெண்கள் பழகுவதா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சேலையோடு பழகினார்கள், அதுவும் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்.

வேகம் வேண்டவே வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அளவு அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது. அரைமணி வீதம் ஐந்து நாளில் கணக்கு முடிந்துவிடும். ஞாயிறன்று மட்டும் மூன்று மணிநேரம் மிதித்துவிட்டு ஆறு நாள் படுக்கிற வீரர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை. மேடு முடியவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்; கை நடுங்கி வியர்த்தால் உடனே நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். நெஞ்சு வலி வந்தவர்கள், நுரையீரலில் சிலிக்கோசிஸ் உள்ள பழைய மைன்ஸ்காரர்கள், டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

எங்கே ஓட்டுவது? பங்காருபேட்டை மெயின் ரோட்டை மறந்துவிடுங்கள். டிப்பரும் பஸ்ஸும் ஓரம் தரமாட்டா. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் திரும்பி, சீக்கிரமே ஏதாவது கிராமத்து ரோட்டில் நுழைந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் தங்கச் சுரங்கத்துக்கே தண்ணீர் தந்த பாலாற்று ஏரி பேத்தமங்கலத்தில்தான் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று முதுகைத் தள்ளி உங்களைச் சுலபமாக அங்கே சேர்த்துவிடும். திரும்பும்போது முகத்தில் அறையும். அந்த மாதங்களில் தெம்பு பாதி இருக்கும்போதே திரும்புங்கள். கம்மசந்திரா கோடிலிங்கம் பக்கம் போவதானால் ஞாயிறும் சிவராத்திரியும் வேண்டாம். காமசமுத்திரம், பூதிக்கோட்டை வழி அழகுதான். யானை நடமாட்டம் உண்டு, நன்றாக வெயில் வந்த பிறகே போங்கள். காற்றடிக்கும் நாளில், சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மலை ஓரமாக ஓட்டாதீர்கள். சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கலாம், சுவாசிக்க நன்றாக இருக்காது. 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், தூசியை யாரும் மூடவில்லை. தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கோலார் பக்கத்து போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம்.

கார்த்திகை தொடங்கி தை வரை ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டிலேயே பரப்பி, வண்டிச் சக்கரத்தால் அடித்துக்கொள்வார்கள். அதன் மேல் ஓட்டினால் வழுக்கும், தாள் செயினில் சுற்றும், ஓரத்தில் வைத்த கல்லும் கண்ணில் படாது. அதற்கு முன்பே இறங்கித் தள்ளுங்கள்; தவறி மேலே ஏறிவிட்டால் பிரேக் மட்டும் போடாதீர்கள். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, அதட்டிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள்.

கடைசியாக, சீமைக்கருவேல முள். டயரில் குத்தி நிற்பதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் காற்று ஒரே மூச்சில் போய்விடும். முள் இருக்கட்டும், கைப்பம்பால் அடித்து அடித்து ஊர் வந்து சேரலாம். பங்சர் கடைக்காரர் டியூபை ஒட்டியதும் மாட்டிவிடுவார். அதற்கு முன் டயரின் உள்பக்கம் ஒரு துணியால் முழுச் சுற்றும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முறிந்த முனை அங்கேதான் இருக்கும்.